மீதி எங்க என்று கேட்டவர்

அவரிடம் ஒரு செய்தியை யாரும் சொல்லி முடித்துவிட முடியாது. முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "சரி, மீதி எங்க?" என்பார்.

"குழாயில தண்ணி வரல அண்ணாச்சி."

"மீதி எங்க?"

"மீதி என்ன மீதி? தண்ணி வரல. அவ்வளவுதான்."

"காலையில வந்துச்சா? பக்கத்து ரூமுல வருதா? தொட்டியில இல்லியா, குழாய் அடைப்பா? இதையெல்லாம் விட்டுட்டுத் தண்ணி வரலன்னா அது சேதி இல்ல தம்பி. சேதியோட வால்."

எழுபதுகளின் நடுவில், பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் முற்றம் வைத்த ஒரு பழைய வீட்டில் எங்கள் அறை இருந்தது. நான்கு கட்டில்கள். சுவரோரம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். தெருமுனைக் கோல்டு ஸ்டோரில், நம் ஊர் மளிகைக் கடை மாதிரி, சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை. அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "இனிஷியல் எங்க?" என்று எங்கிருந்தாவது ஆள் அனுப்புவார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். காலையில் ஏணியில் ஏறினால் மதியம் வரை மேலே தனியாள். கீழே நிற்பவர்கள் கையால் சைகை காட்டுவார்களே தவிர பேச மாட்டார்கள். அங்கே பேசாமல் சேர்த்து வைத்த பேச்செல்லாம் சாயங்காலம் எங்கள் அறையில் வந்து இறங்கும். நான் பிறவியிலேயே அதிகம் பேசாதவன். எனக்கு அது வசதியாகவே இருந்தது. நான் பேச வேண்டிய நேரத்தையும் சேர்த்து அவர் பேசினார்.

பேச்சு ஊரைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ இருக்காது. அமெரிக்காவைப் பற்றித்தான் இருக்கும். அந்த நாட்டில் இரண்டு கட்சி, ஒன்றுக்கு யானை சின்னம், இன்னொன்றுக்குக் கழுதை என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அவர் யானைக் கட்சி. ஏன் என்று ஒரு தடவை துணிந்து கேட்டேன்.

"யானை ஒரு பக்கம் நிக்கி, கழுதை ஒரு பக்கம் நிக்கி. இதுல யோசிக்க என்னலே இருக்கு?" என்றார்.

அவருக்கு எதிர்க்கட்சி ஸ்டீபன். குளச்சல்காரர். எங்கள் அறையிலேயே எதிர்க் கட்டில். எலெக்ட்ரீசியன். கழுதைக் கட்சியில் ஒரு காலத்தில் தங்கள் வேதத்துக்காரர் ஒருவர் ஜனாதிபதியாக இருந்தார், அவர் சுடப்பட்டு இறந்த அன்று குளச்சல் கோயிலில் மணி அடித்தார்கள் என்பதற்காக அவர் கழுதைப் பக்கம். இரண்டு பேருக்கும் அமெரிக்காவில் ஓட்டு இல்லை. பஹ்ரைனில் கேட்கவே வேண்டாம். ஆனால் ஓட்டு எண்ணிக்கை நாளை முடிவது போலத்தான் தினமும் சண்டை.

அண்ணாச்சியிடம் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி ஒன்று இருந்தது. அந்த முற்றத்தைச் சுற்றியிருந்த ஆறு அறைக்கும் அது ஒன்றுதான். ஒரே செய்தியை லண்டனில் கேட்பார், மாஸ்கோவில் கேட்பார், அமெரிக்காக்காரன் சொல்வதையும் கேட்பார், கடைசியாகக் கொழும்பைத் திருப்புவார். "லண்டன்காரன் பாதி சொல்லுவான். மாஸ்கோக்காரன் மத்தப் பாதிய ரெண்டு மடங்காச் சொல்லுவான். அமெரிக்காக்காரன் ரெண்டையும் விட்டுட்டு அவனுக்குப் பிடிச்சதச் சொல்லுவான். நாலையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினாத்தான் சேதி."

"அப்படிக் கலக்கினா வாறது சேதி இல்ல அண்ணாச்சி, அவியல்" என்பார் ஸ்டீபன்.

பத்திரிகைகள் மேல் அவருக்கு இன்னும் பெரிய சந்தேகம். எங்கள் கடையில் முட்டை கட்டுவதற்குப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் மொத்தமாக வரும். அவருக்காக நான் சிலவற்றை எடுத்து வருவேன். ஒரு நாள் யானைக் கட்சி ஜனாதிபதியைப் பற்றிய ஒரு செய்தி முதல் பக்கத்தில் பாதியில் நின்று, மீதி ஆறாம் பக்கத்தில் என்று போட்டிருந்தது. ஆறாம் பக்கம் இல்லை.

"தம்பி, மீதி எங்க?"

அன்று காலை அந்தத் தாளில் ஒரு டஜன் முட்டையைச் சுற்றிக் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. வாங்கியது பின் சந்தில் இருக்கும் ஒரு பஹ்ரைனி வீட்டு அம்மாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வெட்கத்தால் பத்தடி பின்னால் போனேன். கதவைத் தட்டி, வந்த அம்மாளிடம், தெரிந்த அரபியும் இந்தியும் கலந்து, "அம்மா, முட்டை மாஃபி. காலி பேப்பர், காலி பேப்பர்" என்றார். முட்டை வேண்டாம், சுற்றிய தாள் மட்டும் வேண்டும் என்று அர்த்தம். அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். உள்ளே போய்த் தாளோடு நான்கு முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஏதோ பசியில் வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அறைக்கு வந்து தாளை விரித்தார். அது பதினாறாம் பக்கம். முழுக்கக் கால்பந்து.

"பாத்தியா, எப்படி மறைக்கானுவன்னு" என்றார்.

முட்டையை ஸ்டீபன் பொரித்துத் தந்தார்.

வியட்நாம் சண்டையிலிருந்து அமெரிக்கா பட்டாளத்தைத் திருப்பிக் கூப்பிட்டது சரியா தப்பா என்று ஒரு தடவை ஒரு வாரம் பேசினார்கள். அண்ணாச்சி தரையில் பாயை விரித்து வரைபடம் போட்டார். வெங்காயம் எல்லாம் அமெரிக்கப் பட்டாளம். உருளைக்கிழங்கு எதிரி. ஒரு தக்காளி தலைநகரம். "இங்கன இன்னும் ஆறு மாசம் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்வே. பாதியில இறங்குனதுதான் தப்பு."

"எத்தன வருசமா நிக்கியானுவ! இன்னும் ஆறு மாசமா? சாவுறது ஆருக்க பிள்ளைவ?" என்றார் ஸ்டீபன். அன்று சமையல் முறை அவருடையது. கத்தியோடு வந்து குனிந்து, வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ஏ, எங்க கொண்டு போற?"

"வாபஸ் அண்ணாச்சி. சாம்பாருக்கு நேரமாச்சு."

அண்ணாச்சி கடைசி வெங்காயத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதையும் விட்டுக் கொடுத்தது பசியால்தான். கொள்கையால் இல்லை என்று சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னார்.

ஒரு நாள் துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலில் உண்மையான அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி அவரைப் பிடித்துக்கொண்டு, யானையா கழுதையா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் இதுவரை ஓட்டே போட்டதில்லையாம். மீன் பிடிப்பதில்தான் ஆசையாம். அன்று சாயங்காலம் அண்ணாச்சி ரேடியோவைத் தொடவில்லை. "அவன் நாட்டுக்கு நாமதான் கவலைப்பட வேண்டியிருக்கு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த வருடம் அவருக்கு நல்ல வருடமாக இல்லை. எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாக ஆள் நுழைந்த விவகாரம் யானைக் கட்சி ஜனாதிபதியின் கழுத்துக்கு வந்திருந்தது. ஜனாதிபதி தன் அறையில் பேசியதையெல்லாம் தானே டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தாராம். அதில் ஒரு டேப்பில் நடுவே கொஞ்ச நேரம் பேச்சு இல்லாமல் வெறும் இரைச்சல். யாரோ அழித்திருக்கிறார்கள். இந்தச் செய்தியை அண்ணாச்சியின் நான்கு ஸ்டேஷனும் ஒரே மாதிரி சொல்லின.

ஸ்டீபன் எழுந்து வந்தார். அண்ணாச்சியின் கட்டில் முன்னால் நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"மீதி எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டார். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஐந்தாம் மாதம் பஹ்ரைன் வந்துவிட்டேன். என் மனைவி கோமதி அப்போது கர்ப்பம். அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிறவர் கையில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசிக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் ஆரம்பித்திருந்தது. கோமதியும் எழுதியிருந்தாள்: "உங்கள் கடிதம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. குரலையாவது அனுப்புங்கள்."

ஜூன் மாதம் ஒருவர் ஊருக்குப் போனார். அண்ணாச்சி பெட்டியில் புதுக் கேசட்டைப் போட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வாயைப் பெட்டியிடம் கொண்டுபோய், "கோமதி, நான் சௌக்கியம். நீ சௌக்கியமா?" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அறையில் ஆள் இருக்கும்போது மனைவியிடம் என்ன பேசுவது? "இங்கே வெயில்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நேற்றும் வெயில்" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் கட்சிக்காரர்கள் இருவரும் ஆரம்பித்தார்கள். எண்ணெய் தராமல் அரபு நாடுகள் முரண்டு பிடித்தால் அமெரிக்கா பட்டாளத்தை இறக்கி எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்துவிடும் என்று ஏதோ பத்திரிகையில் வந்திருந்ததாம். ஸ்டீபன் அதை நம்பினார். யானைக் கட்சி எதையும் செய்யும் என்பது அவர் நினைப்பு. அண்ணாச்சி வாதம் செய்வது எப்போதும் ஒரே முறையில்தான். முதலில் எதிராளி சொல்வதை ஒப்புக்கொண்டு, அதை அவனைவிடப் பெரிதாக வளர்த்து, உச்சியில் நிறுத்தி, அங்கிருந்து தள்ளிவிடுவார். கிரேன்காரர் அல்லவா.

நான் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி முடிப்பதற்குள் கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து பெட்டி 'டக்' என்று நின்றது. அடுத்த பக்கம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. கேசட்டை அப்படியே கொடுத்தனுப்பினேன்.

ஜூலைக் கடைசியில் கடைக்கு ஒரு தந்தி வந்தது. என் மாமனாரிடமிருந்து. 'வார் டேஞ்சர். ஸ்டார்ட் இம்மீடியட்லி.'

எங்கள் முதலாளி, அர்பாப் என்போம், தந்தியைப் பக்கத்துக் கடைப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்ததும் என்னைவிட அவருக்குத்தான் முகம் வெளுத்தது. "லடாய்? கிதர் லடாய்? தும் கோ மாலூம்?" என்றார். சண்டையா, எங்கே சண்டை, உனக்குத் தெரியுமா என்று. எனக்குத் தெரியாது என்றேன். என் குரலில் அது பொய் மாதிரி இருந்திருக்கும். அர்பாப் அடுத்த கடைக்குப் போய்க் கேட்டார். அடுத்த கடைக்காரர் அதற்கடுத்த கடைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் எங்கள் கடையில் அரிசி மூட்டை ஆறு போயிற்று. சீனி தீர்ந்தது. மெழுகுவர்த்தி கேட்டு ஆள் வந்தார்கள்.

அன்று அண்ணாச்சி கடைவழியாக வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"தம்பி, தெருவெல்லாம் சண்டை வரப் போகுதுன்னு பேசிக்கிடுதானுவ. நம்பாத. நாலு ஸ்டேஷனும் கேட்டுட்டேன், ஒருத்தனும் மூச்சு விடல. மீதி எங்கன்னு ஒவ்வொருத்தனாப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டே வாறேன். தையக்காரன் சலூன்காரன்ட்ட கேட்டானாம். சலூன்காரன் பேக்கரியில கேட்டானாம். பேக்கரிக்காரன் உங்க கடையில கேட்டதாச் சொல்லுதான். இங்க எவன்லே கிளப்பி விட்டது? அவன எனக்குக் காட்டு."

நான் தந்தியைக் காட்டினேன். படித்தார். "உம் மாமனாருக்கு எவன் சொன்னான்?"

அதற்குப் பதில் நான்கு நாள் கழித்துக் கோமதியின் கடிதத்தில் வந்தது.

எங்கள் ஊரில் கேசட் போடும் பெட்டி ரேடியோ ரிப்பேர் கடையில்தான் இருந்தது. கோமதியும் மாமனாரும் மாமியாரும் அங்கே போயிருக்கிறார்கள். பஹ்ரைனிலிருந்து குரல் வந்திருக்கிறது என்று தெருவே கூடிவிட்டது. என் குரல் காதில் விழவில்லை. கடைக்காரர் சத்தத்தை முழுதாகத் திருப்பிவிட்டார். அப்போதும் நான் பேசியது ஈ பறப்பது போலத்தான் இருந்ததாம். ஆனால் பின்னால் ஒரு மனிதர் இடி மாதிரி பேசினாராம். கோமதி அதை அப்படியே எழுதியிருந்தாள். நான் அறையில் படித்தேன். என்னால் உரக்கப் படிக்க முடியாமல் ஸ்டீபன் வாங்கிப் படித்தார்.

"'ஆமாவே, வருவான்! அமெரிக்கா கப்பல் இங்கனதான் நிக்கி, தினம் கண்ணால பாக்கேன்! மொதக் குண்டு இந்தத் துறைமுகத்துல! ரெண்டாவது குதைபியா! நாம அஞ்சு நிமிசத்துல சாம்பல்! ஒருத்தன் ஊரு போய்ச் சேர மாட்டான்!' என்று அவர் சொன்னதும் டக் என்று சத்தம் கேட்டு எல்லாம் நின்றுவிட்டது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்."

ஸ்டீபன் கடிதத்தைத் தாழ்த்தினார். அண்ணாச்சி மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அதுக்கு அடுத்த வார்த்தை 'ஆனா'வே" என்றார். "ஆனா அவன் ஏன் வரமாட்டாம்னா, அப்படின்னு பத்து நிமிசம் சொன்னேம்லா! ஒம்பது காரணம் சொன்னேன்! நீயே கேட்டியே!"

"நான் கேட்டேன் அண்ணாச்சி. சங்கரன்கோவில் கேக்கல."

"பாதியில நின்னிருக்கு."

"பாதிதான் போயிருக்கு. குதைபியா முழுக்க அரிசி வாங்க வச்ச ரேடியோ ஸ்டேஷன் ஆருன்னு தேடினீரே. இந்தா இருக்கு, உமக்க வாயி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தில் இன்னும் இருந்தது. கோமதி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எட்டாம் மாதம். நான் சௌக்கியம் என்று பதில் தந்தி கொடுத்தாலும் மாமனார் நம்பப் போவதில்லையாம். தந்தி ஆபீசில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்களாம். கடிதம் எழுதினால் மிரட்டி எழுத வைத்தது என்பாராம். பத்து நாளில் நான் வந்து சேராவிட்டால் அவரே பம்பாய் போய், பஹ்ரைன் போகிற முதல் விமானத்தின் முன்னால் படுக்கப் போகிறாராம். நானும் அர்பாபிடம் போய் லீவு கேட்டுப் பார்த்துவிட்டேன். "ஜானா ஹை தோ ஜாவ். லேகின் கலாஸ். வாபஸ் மாஃபி" என்றார். போவதென்றால் போ, அத்தோடு முடிந்தது, திரும்பி வர முடியாது. எனக்கு வேறு வேலை தெரியாது.

கடிதத்தின் கடைசி வரியை ஸ்டீபன் படிக்கவில்லை. கடிதத்தை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி படித்தார். என் கையில் கொடுத்தார்.

'அந்தக் கேசட்டில் ஆரம்பத்தில் ஒருவர் மீதி எங்க, மீதி எங்க என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் கேட்கிறேன். மீதி எங்கே?'

எங்கள் நாலாவது கட்டில்காரர் கனகராஜ் அந்த வெள்ளிக்கிழமை லீவில் ஊருக்குப் புறப்பட இருந்தார். கோவில்பட்டிக்காரர். கேசட்டை நேரில் கொண்டு கொடுப்பதாகச் சொன்னார். காலை ஏழு மணிக்கு அவருக்கு வண்டி. வியாழக்கிழமை எனக்குக் கடை அடைக்க நேரமாகிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் பேசிக் கொடுக்க வேண்டும்.

அதே வெள்ளிக்கிழமைதான். அந்த வாரம் முழுக்க ஜனாதிபதி பதவியை விடப் போகிறார், இல்லை, விட மாட்டார் என்று நான்கு ஸ்டேஷனும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விடியும்போது தெரிந்துவிடும் என்றார்கள். ஸ்டீபன் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அண்ணாச்சி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். இரண்டு வருடமாக அந்த மனிதருக்காக வாதாடியவர். முடிவைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று ஆசை இல்லாமலா இருக்கும்?

ஆனால் பெட்டி ஒன்றுதான். கேசட்டில் பேசும்போது ரேடியோ பேசாது.

நான் எழுந்தபோது அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியோவைப் போடவில்லை. புதுக் கேசட்டின் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல சேதி கேட்டுருங்க. நான் அஞ்சு நிமிசத்துல பேசிருவேன்" என்றேன்.

"உன் அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியும். சும்மா இரு." பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். "தங்கச்சி. போன கேசட்டுல கத்துனது நான்தான். அது பாதி. மீதி என்னன்னா, சண்டை ஒண்ணும் வரல. வராது. ஏன் வராதுன்னா, மொதக் காரணம்..."

ஸ்டீபன் அவர் தொடையில் கிள்ளினார். ஒன்பது காரணம் போனால் கேசட் போய்விடும்.

"...காரணம் இருக்கும்மா. இங்க பயப்பட ஒண்ணும் இல்ல. தம்பி மூணு வேளையும் சாப்பிடுதான். நீ சாப்பிடு. உங்க ஐயாவ பம்பாய்க்கு விடாத. இப்ப ஸ்டீபன் பேசுவான். இவன் நான் சொல்லுததுக்கு எல்லாம் எதிரா சொல்லுதவன். இவன் சொன்னா நம்பலாம்."

ஸ்டீபன் பெட்டியைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். எத்தனையோ சாயங்காலங்களில் ஒரு தடவை கூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை இப்போது வர வேண்டும்.

"அண்ணாச்சி சொன்னது சரிதான்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது போலிருந்தது. "இது ஒண்ணு மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "யல்லா, எல்லாரும் வெளியே வாங்க. கனகராஜு, உன் பயணப் பெட்டிய முத்தத்துல வச்சுக் கட்டு."

"எதுக்கு அண்ணாச்சி? நீங்க இருங்க" என்றேன். அவரும் போய்விட்டால் நான் பேச வேண்டியிருக்கும் என்று பயம்.

"அந்தப் பிள்ள கேட்ட மீதி நாங்க இல்லலே" என்றார். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறையில் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம். காலையிலேயே முற்றத்தில் காற்று ஈரத் துணி மாதிரி ஒட்டும். ஜன்னலில் அண்ணாச்சியின் நிழல் தெரிந்தது. கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை. வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சொன்னேன். கல்யாணத்தன்று அவளிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஒன்றையும் கேட்டேன். ஒரு பக்கம் தீர்ந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டும் பேசினேன். நான் அவ்வளவு பேசக்கூடியவன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

கேசட்டைக் கனகராஜ் கொண்டுபோய்ச் சேர்த்தார். கோமதி இந்தத் தடவை சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, தெருவைக் கலைந்து போகச் சொல்லி, பெட்டியில் காதை வைத்துத் தனியாகக் கேட்டாளாம். மாமனாருக்கு முதல் பகுதியை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறாள். எதிர்க்கட்சிக்காரனே ஒப்புக்கொண்டான் என்பதால் அவர் நம்பினார். பம்பாய்க்குப் போகவில்லை. செப்டம்பரில் மகள் பிறந்தாள். நான் அந்தக் கடையில் பதினொரு வருடம் இருந்தேன். அண்ணாச்சி மறு வருடமே அபுதாபிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெட்டியை எனக்கு விட்டுப் போனார். முகவரி தருவதாகச் சொன்னவர் அந்த அவசரத்தில் தராமல் போய்விட்டார்.

அந்தக் கேசட் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சேலைகளுக்கு நடுவில் கோமதி வைத்திருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை போடுவாள். என் பேச்சு வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆனால் முதல் பக்கம் தீரப்போகும் இடத்தில், என் குரலுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற ஒன்றுக்காக மட்டும் வாசலில் நின்று காத்திருப்பேன். முதலில் யாரோ ஓடி வரும் செருப்புச் சத்தம். பிறகு பக்கத்து அறை மலையாளி வர்கீஸின் குரல்.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! நிங்ஙளுடெ ஆளு ராஜி வச்சு! இப்போள் சாயக்கடயிலெ ரேடியோவில்..."

"ஷ்ஷ்!"

"ராஜி வச்சு அண்ணாச்சி! வா, பிரசங்கம் பின்னயும் போடுன்னு! பாக்கி கேள்க்கண்டே?"

உங்கள் ஆள் ராஜினாமா செய்துவிட்டார், பேச்சைத் திரும்பவும் போடுகிறார்கள், மீதியைக் கேட்க வேண்டாமா என்கிறார். நான் உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அண்ணாச்சியின் குரல், அவரிடமிருந்து நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத சின்னக் குரல்.

"மீதிய பொறவு கேக்கேன். நீ சத்தம் போடாத. உள்ள பையன் பேசிக்கிட்டு இருக்கான்."